கல்பாசியும் ஃபுனேரியாவும்: ஓர் ஒப்பாய்வு முன்னுரையின் முதல் இயல்

செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி ஒரு லைக்கன். ஏட்டுப் பெயர் பார்மோட்ரெமா பெர்லேட்டம். எரிந்த மண்ணிலும் ஈரச் சுவரிலும் முளைக்கும் ஃபுனேரியா ஹைக்ரோமெட்ரிகா ஒரு மாஸ். இவ்விரண்டையும் ஒப்பிடும்படி எவரும் எம்மைக் கேட்கவில்லை என்பதே இவ்வாய்வின் தேவையை நிறுவுகிறது (பார்க்க: இக்கட்டுரை, இதே வாக்கியம்).

நிறம்: கல்பாசி மேலே சாம்பல், அடியில் கறுப்பு. ஃபுனேரியா பச்சை.

மணம்: கல்பாசி, காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் மணக்கும். ஃபுனேரியாவை இன்னும் தாளித்துப் பார்க்கவில்லை (காரணம்: சமையலறையிலிருந்து வந்த மறுப்பு, வாய்மொழி, உரத்த குரல்).

குடும்ப அமைப்பு: இங்கே சற்று உட்கார வேண்டியிருக்கிறது. ஃபுனேரியா ஒரே செடி. காற்றின் ஈரத்துக்கேற்ப முறுக்கியும் அவிழ்ந்தும் ஆடும் காம்பு, நுனியில் வித்துப்பை, அதன் வாயில் வரிசைக்குப் 16 பற்களாக இரண்டு வரிசை. பாகம் குறித்துவிட்டால் வேலை முடிந்தது.

கல்பாசியோ கூட்டுக் குடித்தனம். வெளியே பூஞ்சை, உள்ளே ட்ரெபூக்ஸியா என்னும் பச்சைப் பாசி. ஒளியைப் பிடித்துச் சர்க்கரை சமைப்பது பாசி, உண்பது பூஞ்சை. லைக்கன் ஓருயிர் அல்ல, ஈருயிர் என்று 1867-இல் சைமன் ஷ்வெண்டனர் சொன்னார். பூஞ்சை எசமான், பாசி அடிமை என்றும் பிறகு எழுதினார். அன்றைய லைக்கன் அறிஞர் பலர் சீறினர். பூஞ்சைகள் கருத்துத் தெரிவிக்கவில்லை.

பெயரிடல் விதிப்படி, லைக்கனின் அறிவியல் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது. சமைக்கிற பாசிக்கு அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. இப்படியோர் ஏற்பாடு உயிருலகில் வேறெங்கும் உண்டா என்று தேடினோம். மாணவர் உழைக்க, ஆய்வேட்டின் புகழ் நெறியாளருக்குப் போவதை ஒரு மூத்த நெறியாளரிடம் சுட்டினோம். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றார் (நேர்காணல், கேள்விகள்: மாணவர், பதில்களை எழுதித் தந்தவர்: மாணவர், தட்டச்சு, மெய்ப்பு, தேநீர்: அதே மாணவர், பதிப்புரிமை: நெறியாளர்).

2016-இல் டோபி ஸ்பிரிபில் குழுவினர், பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் ஒன்றும் குடியிருப்பதைக் கண்டறிந்தார்கள். அத்தனை காலம் அது அங்கே இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. இணை நெறியாளராக இருக்கலாம் என்பது எம் கருதுகோள்.

இரண்டாம் இயலுக்கு நல்கை வேண்டப்படுகிறது. காசோலையைப் பூஞ்சையின் பெயருக்கே எழுதவும்.