பாறசாலை கிரேடு, மார்த்தாண்டம் மார்க்கு

எங்கள் காலத்தில் கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனசு என்று ஒன்று இருக்கக்கூடும் என யாரும் சந்தேகப்பட்டதில்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சேர்க்கும் அன்றே அப்பா வாய்ப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார். சார் வாக்குத் தவறியதில்லை. சாயங்காலம் டீக்கடையில் அப்பாவிடம் அவர் சேதி சொல்ல, பள்ளியில் மொத்தமாக வாங்கியதை வீட்டில் சில்லறையாகவும் வாங்குவோம். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம். வாய் தவறித் தமிழ் வந்தால் 'பாண்டி' என்ற பட்டம் இலவசம்.

எஸ்.எஸ்.எல்.சி.க்கு மொத்தம் 600, தேற 210. அதைத் தொடாத என் பெஞ்சுக்காரன் மரச்சீனி விளைக்குள் போய் ஒளிந்துகொண்டான். இருட்டியதும் தேடிப்போய்க் கூட்டி வந்தவர் அதே பிரம்புச் சார்தான். வழியில் டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்து, அவன் அப்பா கை ஓங்குமுன் திண்ணையில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாராம்.

இப்போது பிரம்பு போயிற்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியோடு மன உளைச்சலையும் சேர்த்தே தடுக்கிறது. (சட்டம் 14 வயதோடு நின்றுவிடும், பத்தாம் வகுப்புக்காரருக்கு வயது 15.) கேரளத்தில் 2005இலேயே மார்க்கு போய் கிரேடு வந்தது. 2024இல் தேர்ச்சி 99.69 சதவீதம். தோல்வியே ஒழிந்த ஊரில் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்க வேண்டாமா? பத்துப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர் முக்குக்கு முக்கு ஃபிளெக்ஸில் சிரிக்கிறார். ஒன்பதில் வாங்கியவர் தலையைக் குனிந்துகொண்டு அந்த வழியேதான் டியூஷன் போகிறார்.

கவுன்சலிங்கும் உண்டு. பாடத்தின் நடுவே பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்; வகுப்பே திரும்பிப் பார்க்கும். ரகசியம் அவ்வளவு பத்திரம். டீச்சருக்கும் பயம்தான். ஒரு பிள்ளையின் முகம் வாடியிருப்பதைப் பார்த்து "என்ன மக்களே?" என்று கேட்டுவிட்டால், ராத்திரிக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விசாரணை.

என் அக்கா மகளுக்கு ஒன்பது ஏ பிளஸ், கணக்கில் மட்டும் ஏ. அவளுடைய மார்த்தாண்டத்துப் பெரியப்பா மகளுக்கு 500க்கு 487. எல்லையில் களியக்காவிளையைத் தாண்டினால் நாணயமே வேறு, எப்படி ஒப்பிடுவது? தமிழ்நாட்டில் முதலிடம் அறிவிப்பதை 2017இல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் குடும்பம் இன்னும் நிறுத்தவில்லை. ஏ பிளஸ்ஸுக்கு 95, ஏ-வுக்கு 85 என்று வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அக்கா 500க்கு மாற்றிப் போட்டாள்: 470.

"பதினேழு கொறவு," என்றாள்.

மகள் தாளை வாங்கிச் சரிபார்த்தாள். "அம்மே, கணக்குல ஏ பிளஸ் ஒங்களுக்குத்தான் குடுத்திருக்கணும்."