இரைச்சல் மீமாம்ஸை

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் சாரீரத்தைப் பற்றி அவருடைய ரசிகர்கள் பேசித் தீர்த்திருக்கும் சொற்களைத் திரட்டினால் ஒரு நிகண்டு தேறும்; ஆனால் அந்தச் சாரீரம் இசைத்தட்டிலிருந்து எழுவதற்கு முன் சில விநாடிகள் தனித்தும், எழுந்தபின் பாட்டு முடியும் வரையில் அதனோடு கூடியும், அது ஓய்ந்தபின் மறுபடி தனித்தும் ஒலிக்கிற 'கரகர' என்னும் நாதத்தைக் குறித்துச் சாஸ்திர ரீதியான ஆராய்ச்சி எதுவும் நிகழ்ந்ததாக என் பார்வைக்கு எட்டவில்லை. விமர்சகர்கள் அதைத் தோஷமென்று ஒதுக்கினார்கள். ரசிகர்களோ, பழகிப்போன காரணத்தால், அது இருப்பதையே மறந்தார்கள். ஒதுக்கப்பட்டவற்றையும் மறக்கப்பட்டவற்றையும் தூக்கி நிறுத்துவதற்கென்றே ஆராய்ச்சியாளர் என்றொரு வர்க்கத்தைப் பகவான் சிருஷ்டித்திருக்கிறான் ஆதலின், அந்தக் கடமையை யான் மேற்கொள்ளலானேன்.

இந்த ஆராய்ச்சிக்குக் கிட்டப்பாவைக் காட்டிலும் தகுதியுள்ள பாடகர் வேறொருவர் இல்லை என்பதை முதலில் நிலைநாட்டிவிடுவது நலம். 1906-ம் ஆண்டில், அந்நாளில் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த செங்கோட்டையிலே பிறந்து, பால்மணம் மாறாத பருவத்திலேயே மேடை ஏறி, கன்னையா கம்பெனி நாடகங்களிலே பெரும் புகழ் எய்தி, கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளைக் கைப்பிடித்து, 1933-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ந் தேதி, 27 வயது மட்டுமே நிரம்பிய நிலையில் அவர் மறைந்தார். தமிழில் முதல் பேசும் படம் 1931-லேயே வந்துவிட்ட போதிலும், ஒரு படத்திலேனும் அவர் தோன்றவில்லை. சுந்தராம்பாளுக்கோ 1980 வரையில் ஆயுள் இருந்தது. 1953-ல் வந்த 'ஔவையார்' முதலிய படங்களின் வாயிலாக அந்த அம்மையாரின் குரல் நமக்குப் பெரும்பாலும் தெளிவாகவே கிடைத்திருக்கிறது. கிட்டப்பா விஷயத்தில் நமக்கு எஞ்சியவை அரக்குத் தட்டுகள் மாத்திரமே. அவரை நேரிற் கேட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டபடியால், இரைச்சல் நீங்கிய கிட்டப்பா என்பவர் எப்படி இருந்திருப்பார் என்று சாட்சி சொல்வதற்கு இன்று ஆளில்லை. ஆகவே இரைச்சலும் அவரும் நமக்குப் பிரிக்கவொண்ணாதவாறு ஒன்றாகவே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இனி இரைச்சலின் உற்பத்தியை விசாரிப்போம். மரக்கிளைகளில் அப்பிக்கொண்டு சாறு குடிக்கும் ஒரு சிறு பூச்சி தன் மேனியிலிருந்து கசியவிடும் பிசினே அரக்கு. பாண்டவர்களைக் கொளுத்துவதற்காகத் துரியோதனன் கட்டுவித்த மாளிகையும், நாம் கிட்டப்பாவைக் கேட்பதற்காகக் கம்பெனியார் வார்த்த தட்டும் ஒரே பூச்சியின் கொடை என்பதை மகாபாரத விற்பன்னர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள். வெறும் அரக்கினால் தட்டுச் செய்தால் இழைகளுக்கு உரம் போதாது. கனத்த சவுண்ட் பாக்ஸையும் எஃகு ஊசியையும் தாங்காது. எனவே கல்லை மாவாக அரைத்து அதிகமாகவும், கரித்தூளைக் கொஞ்சமாகவும் அரக்கோடு சேர்த்து அழுத்தி வார்த்தார்கள். இந்தக் கல்மாவு ஊசியின் முனையை முதற் சில சுற்றுகளிலேயே அறுத்து, தட்டின் இழைக்கு இசைந்த வடிவத்தில் தீட்டிவிடும். ஊசி தீட்டப்படும் ஓசையே 'கரகர' என்பது. தட்டு ஊசியைத் தேய்க்க, தேய்ந்த ஊசி தட்டைத் தேய்க்க, இவ்விரண்டின் பரஸ்பர க்ஷயத்திலிருந்து 'எவரனி' என்னும் தியாகராஜ கீர்த்தனை பிறக்கிறது என்றால், அந்தக் கல்மாவைத் தோஷம் என்று தள்ளுவது எங்ஙனம் பொருந்தும்? ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று கம்பெனியார் விதித்த விதியும் இக்காரணம் பற்றியதே. அந்த விதியை மீறி ஒரே ஊசியில் பத்துப் பாட்டுக் கேட்டவர்களுக்கு நரகம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊசியின் யாத்திரையைக் குறித்து ஒரு சிறு கணக்கும், அதனின்று முளைத்த ஒரு பெரிய விவாதமும் உண்டு. தட்டின் விட்டம் 10 அங்குலம். நிமிஷத்துக்கு 78 சுற்று. பாட்டு 3 நிமிஷம் என்று கொண்டால் 234 சுற்று. வெளிவட்டத்துக்கும் உள்வட்டத்துக்கும் சராசரி கண்டு பெருக்கினால், ஒரு பக்கத்திலே ஊசி கடக்கும் தூரம் சுமார் 400 அடியாகும். ஒரு நடுத்தரக் கோயிலின் பிராகாரத்தை ஒரு முறை சுற்றி வரும் தூரம் என்று இதைக் கண்டு மகிழ்ந்த ரசிகர் ஒருவர், பிறகு தட்டை நிலையாக வைத்து ஊசி நகர்வதாகப் பாவித்துப் பார்த்ததில், அது இடமாகவே சுற்றுகிறது என்பதை உணர்ந்து திடுக்கிட்டார். நித்தியம் காலையில் 234 அப்பிரதக்ஷிணம் செய்துவருவதாக எண்ணி அவர் உள்ளம் நைந்தபோது, இரைச்சலைத் தோஷமென்று ஒப்பாத நமது பக்ஷத்தார் அளித்த சமாதானம் வருமாறு: ஊசி இருந்த இடத்திலேயே இருக்கிறது, தட்டுத்தான் தன்னைத்தானே வலமாகச் சுற்றிக்கொள்கிறது, இது அப்பிரதக்ஷிணம் அன்று, ஆத்மப்பிரதக்ஷிணமே. ரசிகர் அன்றிரவு நிம்மதியாக உறங்கினார்.

சுருதி பற்றிய சண்டையை இங்கே விரிக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் முற்றும் விடுவதும் முறையன்று. கிட்டப்பா எத்தனை கட்டையிற் பாடினார் என்பதில் ஊருக்கு ஒரு கட்சி உண்டு. கிராமபோன் பெட்டியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருப்பதையும், 78 சுற்றோடு இன்னும் ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்தால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் உயர்ந்துவிடும் என்பதையும் எல்லாக் கட்சியாரும் ரகசியமாக அறிவர். தங்கள் ஊருக்கு வந்தபோது அவர் அரைக் கட்டை அதிகமாகவே பாடினார் என்று சத்தியம் செய்துவந்த பெரியவர்களின் வீட்டுப் பெட்டியை நான் பரிசோதித்ததில், அந்தத் திருகு எப்பக்கம் திரும்பியிருந்தது என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறேன். மாறாக, சாவி கொடுத்த ஸ்பிரிங் நடுப்பாட்டில் தளர்ந்து, உச்சஸ்தாயியில் நின்ற குரல் படிப்படியாக இறங்கிக் கும்பகர்ணன் கொட்டாவி விடுவதைப் போல் ஆகும்போது எந்தக் கட்சியாரும் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்பொழுது இவ்வாராய்ச்சியின் பிரதான சித்தாந்தத்துக்கு வருவோம். தட்டில் மெல்லிய ஒலி பதிந்த இடத்தில் இழை அதிகம் வளையாது; ஓங்கிய ஒலி பதிந்த இடத்திலோ இழை இருபுறமும் வேகமாக வளைந்து வளைந்து செல்லும். கனத்த ஊசி அந்த வளைவுகளிலேதான் மோதி மோதிச் சுவரை அரிக்கிறது. அரிக்கப்பட்ட இடம் தன் கருமையை இழந்து சாம்பல் நிறமாக வெளிறிப்போகும். ஆகையால், பல ஆண்டு கேட்கப்பட்ட கிட்டப்பா தட்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பாட்டைப் போடாமலே, அவர் எந்த இடத்தில் மேலே ஏறினார், எந்த இடத்தில் பிர்க்காக்களைப் பொழிந்தார் என்பதைக் கண்ணாலேயே படித்துவிடலாம். திருநீறு பூசிய வளையங்கள் அங்கங்கே துலங்கும். இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. எந்த இடத்துக்காக ரசிகன் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டானோ, அந்த இடத்தைத்தான் அவன் முதலில் அழித்தான். நாடகக் கொட்டகையில் 'ஒன்ஸ் மோர்' என்று கூவினால் கிட்டப்பா மறுபடி பாடினார், அவர் தொண்டைக்கு அதனால் குறைவொன்றும் வரவில்லை. வீட்டில் ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்து ரசிகன் செய்துகொள்ளும் 'ஒன்ஸ் மோர்' ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி கிட்டப்பா உதிர்ந்து தூசியாகிச் சவுண்ட் பாக்ஸின் அடியில் ஒட்டிக்கொண்டார்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், பக்தியின் அளவும் இரைச்சலின் அளவும் ஒன்றே. பளபளவென்று கீறல் ஒன்றுமின்றி மின்னும் கிட்டப்பா தட்டு ஒருவர் வீட்டில் இருக்குமாயின், அவர் தட்டை நேசித்திருக்கலாம், கிட்டப்பாவை நேசித்தவரல்லர். பழைய மூர் மார்க்கெட்டில் தட்டு விற்ற வியாபாரிகள் இந்தச் சித்தாந்தத்தை நேர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மின்னும் தட்டுக்கு அதிக விலையும் வெளிறிய தட்டுக்குக் குறைந்த விலையும் சொல்லிவந்தார்கள். உலகியல் எப்போதும் அப்படித்தான் என்று நமது கட்சியார் உள்ளூரச் சிரித்துக்கொண்டே வெளிறியதை வாங்கிவந்தார்கள்.

இரைச்சலுக்கு உபாங்கங்கள் இரண்டு. முதலாவது விரிசல். தட்டின் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் விரிசலை ஊசி சுற்றுக்கு ஒரு முறை தாண்டும்போது 'டக்' என்று ஓர் ஒலி எழும். நிமிஷத்துக்கு 78 தட்டு. ஆரோக்கியமான மனிதனின் நாடித் துடிப்புக்கு இது மிக அருகில் வருவதால், விரிசல் விட்ட தட்டில் வளர்ந்த ரசிகர்களுக்கு அந்தத் தட்டொலி உடம்போடு கலந்துவிடுகிறது. 'காயாத கானகத்தே' பாட்டை விரிசலோடு இருபது வருஷம் கேட்டுவிட்டு, ஒரு கல்யாண வீட்டுக் குழாயில் முழுத்தட்டிலிருந்து கேட்ட ஒருவர், "எல்லாம் சரி, தாளக்காரன் எங்கேப்பா?" என்று வினவியதை என் செவியாலேயே கேட்டேன். இரண்டாவது, ஊசி ஓர் இழையிலேயே சிக்கி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல். இதை நிரவல் என்று கொள்வதா, யந்திரக்கோளாறு என்று கொள்வதா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கிறது. நாலாவது ஆவர்த்தம் வரையில் நிரவல் என்றும், அதற்கு மேற்பட்டால் எழுந்து போய்த் தட்ட வேண்டும் என்றும் ஒரு நடுநிலையாளர் வகுத்த தீர்ப்பு எனக்கும் உடன்பாடே.

அண்மைக்காலத்தில், கம்ப்யூட்டர் கொண்டு இரைச்சலை வடிகட்டிக் குரலை மாத்திரம் தரும் வித்தை கைவந்திருக்கிறது. அவ்வாறு வடிக்கப்பட்ட 'எவரனி'யை நான் கேட்டேன். தேவாமிர்தவர்ஷிணி என்றும் நாதசிந்தாமணி என்றும் இரு பெயரால் வழங்கும் ராகத்தில் அமைந்த அக்கீர்த்தனை, உன்னை யாரென்று தீர்மானித்தார்கள், சிவனென்றா, மாதவனென்றா, பிரமனென்றா, பரப்பிரம்மம் என்றா என்று கேட்பது. கரகரப்பு இல்லாத அந்தக் குரல் எனக்கு வயது குறைந்த வேறொருவருடையதாகத் தோன்றிற்று. நன்றாகப் பாடும் பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளையோ என்று கேட்கத் தோன்றிற்று. வடிகட்டியவர்கள் மிகுந்த சிரமம் எடுத்துக்கொண்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. பூச்சியும், கல்மாவும், ஊசியும், மூன்று தலைமுறை ரசிகர்களும் சேர்ந்து எடுத்துக்கொண்ட சிரமத்தை அவர்கள் ஒரு நொடியிலே துடைத்துவிட்டார்கள் என்பதிலும் சந்தேகமில்லை.

நமது சித்தாந்தத்துக்கு விரோதமான ஒரு திருஷ்டாந்தத்தை மறைப்பது நேர்மையன்று ஆதலால் அதையும் கூறிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார். 'கோடையிலே இளைப்பாற்றிக்கொள்ளும்' என்று தொடங்கும் திருவருட்பாவைக் கிட்டப்பா பாடிய தட்டில் அவர் இரண்டு பிரதிகள் வாங்கினார். ஒன்று கேட்பதற்கு, மற்றொன்று கேளாமலே வைத்திருப்பதற்கு. கேளாத தட்டைப் பட்டுத் துணியில் சுற்றி, வெயில் பட்டால் அரக்கு அப்பளமாய் வளைந்துவிடும் என்று அஞ்சி, இரும்புப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். இவரை நமது கட்சியில் சேர்ப்பதா வேண்டாமா என்று பலநாள் தர்க்கம் நடந்தது. 'அவர் ஒரு தட்டை நேசிக்கிறார், ஒரு தட்டில் கிட்டப்பாவை நேசிக்கிறார்; பாதி உறுப்பினர் பதவி கொடுக்கலாம்' என்று ஒருவர் சொன்னார்.

சில வருஷங்களுக்குப் பின், நண்பர் ஒருவருக்குக் காட்டும் பொருட்டுத் தாசில்தார் பட்டுத்துணியைப் பிரித்தார். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தபோது, ஊசி படாத அந்தத் தட்டில், கிட்டப்பா மேலே ஏறும் இடங்களிலெல்லாம் சாம்பல் வளையங்கள் துலங்கின. தாசில்தாருக்கு முகம் வெளுத்தது. உள்ளே அடுப்படியில் இருந்த மனைவியை அழைத்து, "இதை நீ தொட்டியா?" என்று கேட்டார்.

"நான் எதுக்குங்க தொடப்போறேன்? அந்தக் கரகரப்பைக் கேட்டாலே எனக்குத் தலைவலி" என்று அம்மாள் பதிலிறுத்துவிட்டு உள்ளே போனாள், முப்பது வருஷமாக அவள் சொல்லிவந்ததும் அதுவேயாகையால் நம்பாதிருக்கக் காரணமில்லை. ஆயினும், மலையிலே புகை கண்டு நெருப்பை ஊகிக்கும் முறை தாசில்தார்களுக்கும் பழக்கமானதே. நாய் மார்க் ஊசி டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். டப்பாவில் அடங்குவது 200 ஊசி. முந்தின வாரந்தான் அதைப் புதிதாகப் பிரித்து, இரண்டு பக்கம் மாத்திரம் கேட்டிருந்தார். எண்ணி முடித்தபோது 171 இருந்தன.