சுவரோடு பேசும் டி.வி.

டி.வி. விற்கும் கடைகளில் ஓடுகிற படங்களைக் கவனித்தால் ஒன்று புரியும்: அவற்றில் யாரும் பேசுவதில்லை. பவளப் பாறைக்குள் மீன் நீந்தும், பஞ்சவர்ணக்கிளி சிறகு விரிக்கும், தேன் கம்பியாக இறங்கும். மீனின் செதிலை எண்ணிவிடலாம். அந்தத் தெளிவில் மயங்கி, 43 அங்குலமா 55 அங்குலமா என்று குடும்பத்துக்குள் மாநாடு நடக்கும். சுவரை அளக்க இஞ்ச் டேப் வரும். அந்தப் பெட்டியின் குரல் எப்படி என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், சொஜ்ஜி பஜ்ஜி உள்ளே போன கையோடு, பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்ட சமூகம் நாம். பல ஆயிரம் ரூபாய்ப் பொருளை ஊமையாகவே பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டு வருகிறோம்.

மீன்கள் போய் மனிதர்கள் திரைக்கு வந்து பேச ஆரம்பித்த பிறகுதான் வினை. “என்ன சொன்னான்?” இன்று வீட்டில் படம் பார்க்கும்போது மிக அதிகமாக ஒலிக்கிற வசனம் இதுதான், எந்த வசனகர்த்தாவும் எழுதாதது. தமிழ்ப் படத்துக்கு இங்கிலீஷ் சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு தாய்மொழியை அயல்மொழி வழியாகப் புரிந்துகொள்கிறோம். தாத்தா தம் காதைச் சந்தேகப்படுகிறார். அவர் காதில் குறை இருக்கலாம். ஆனால் பத்தாம் வகுப்புப் பேரனும்தானே ரிமோட்டை எடுத்து முப்பதை நாற்பதாக்குகிறான்? என் கட்சி இதுதான்: குற்றம் பெரும்பாலும் டி.வி.யின் மேல். அதற்கான மருந்தையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை; பல வீடுகளில் அது ஹாலின் மூலையில் பூவேலைத் துணியைப் போர்த்திக்கொண்டு, தலையில் ஒரு தஞ்சாவூர்ப் பொம்மையையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பழைய ஸ்டீரியோவிடம் டி.வி.யின் வாயை ஒப்படைத்துவிடலாம்.

டி.வி.க்குக் குரல் போனது எப்படி என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். 1975-இல் சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கிய பிறகு இங்கே வீடுகளுக்கு வந்த சாலிடேர், டயனோரா போன்ற பெட்டிகள் தொந்தியும் தொப்பையுமானவை. உள்ளே கண்ணாடிக் குழாய். அதன் கழுத்து பின்னால் நீண்டு கிடந்ததால் பெட்டிக்கு ஆழம் வேண்டியிருந்தது. அந்த ஆழத்தில் ஏகப்பட்ட காலி இடம். போகிற போக்கில் ஒரு நல்ல ஸ்பீக்கரை அதில் வைத்தார்கள், பெரும்பாலும் நம்மைப் பார்த்த மாதிரியே. குழாய் ஒழிந்ததும் தொந்தி கரைந்தது, டி.வி. அப்பளமானது. திரையைச் சுற்றிச் சட்டமே இருக்கக்கூடாது என்ற மோகம் வேறு சேர்ந்துகொள்ள, ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இடமில்லாமல் போயிற்று. கீழே தரையைப் பார்த்தோ, பின்னால் சுவரைப் பார்த்தோ திருப்பி வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் தூர்தர்ஷனில் வந்த பாட்டு நிகழ்ச்சிக்கு ‘ஒளியும் ஒலியும்’ என்று பெயர். ஒளி முதலில், ஒலி பிறகு. டி.வி. செய்கிறவர்கள் அந்த வரிசையை அரசாணையாகவே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

ஸ்பீக்கர் என்பது அடிப்படையில் காற்றை முன்னும் பின்னும் தள்ளுகிற ஒரு பம்பு. சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்தைத் தர நான்கு மடங்கு காற்றைத் தள்ளியாக வேண்டும். இது பௌதிகம், விளம்பரத்தில் எந்தப் பெயர் போட்டாலும் மாறாது. ஆண் குரலின் அடிச்சுருதி 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. அந்த ஒலியலையின் நீளம் 3.4 மீட்டர், ஒரு சின்னப் படுக்கையறையின் அகலம். அதை எழுப்பும் பொறுப்பை, உள்ளங்கையில் அடங்குகிற நீள்வட்ட ஸ்பீக்கரிடம், மூச்சு விட இடமில்லாத ஓர் இடுக்கில் கொடுத்திருக்கிறோம். அது முயற்சி செய்யும். முடியாது. அடிச்சுருதி இல்லாவிட்டாலும் மேலே உள்ள ஒலிகளை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்கிறது என்பது உண்மை. டெலிபோனில் குரலை அடையாளம் காண்பது அந்தத் தயவில்தான். ஆனால் ஆளைத் தெரிவது வேறு, ஆகிருதி தெரிவது வேறு. 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் வெள்ளைக்காரன் எதிரே சிவாஜி கர்ஜிக்கிற காட்சியை இந்த அப்பளத்தில் கேட்டுப் பாருங்கள். வரி கேட்டவனைச் சீறுகிற பாளையக்காரர் போல இருக்காது. மின்கட்டணம் கூடுதலாக வந்துவிட்டது என்று போனில் புகார் சொல்கிறவர் போல இருக்கும்.

அடிச்சுருதியாவது போகட்டும். உச்ச ஒலிகளில் நடக்கிற அநியாயம் அதைவிடப் பெரிது. சொல்லுக்குச் சொல் வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் மெய்யெழுத்துகளால். அவற்றின் கூர்மை 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் குடியிருக்கிறது. அந்த ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி. எந்தப் பக்கம் அடிக்கிறோமோ அந்தப் பக்கம்தான் நேராகப் போகும். அவற்றைச் சுவரில் அடித்தால், ஒரு பங்கு கரைந்து, மீதி முட்டி மோதித் திரும்பி வருகிறது. க, ச, ட, த, ப, ற என்று தொல்காப்பியர் காலத்திலிருந்து நாம் பத்திரமாக வைத்திருந்த வல்லினம் மொத்தமும் சுவரில் பட்டு மெல்லினமாகத் திரும்புகிறது. வால்யூமைக் கூட்டினால் கூட்டிய அளவுக்கு முணுமுணுப்பும் கூடுமே தவிர, முணுமுணுப்பு பேச்சாகிவிடாது.

இப்போது மூலையில் இருப்பவரைப் பார்ப்போம். வளைகுடாவிலிருந்து வந்த பெரியப்பாவோடு வந்ததோ, தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியதோ, அந்த செட்டில் கேசட் டெக் எப்போதோ நாடாவை மென்று தின்ன ஆரம்பித்திருக்கும். சி.டி. தட்டு வெளியே வராது; வந்தால் உள்ளே போகாது. ஆனால் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பாக்ஸும் அவ்வளவு சீக்கிரம் சாகிற ஜாதி அல்ல. ஆறு அங்குல ஊஃபர், மேலே ஒரு ட்வீட்டர், பின்னால் காற்று உலாவ ஒரு மரப்பெட்டி, டி.வி.க்கு இல்லாதது அத்தனையும் அங்கே இருக்கிறது. பெட்டியின் அருமை நம் ஊருக்குப் புதிதில்லை. பாக்ஸ் வாங்க வசதி இல்லாதவர்கள் குயவரிடம் மண்பானை வாங்கி, அதன் வாயில் ஸ்பீக்கரை வைத்து முறுக்கி, சலூனிலும் டீக்கடையிலும் இளையராஜாவை அதிரவிட்ட நாடு இது. காற்றுக்கு இடம் கொடுத்தால் ஸ்பீக்கர் பாடும் என்று அந்தப் பானைக்குத் தெரிந்திருந்தது. செட்டின் முகப்பில் ‘2000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பி.எம்.பி.ஓ.வுக்கு ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது. அது வாட் கணக்கில் எழுதப்பட்ட கவிதை. உள்ளே நிஜத்தில் பத்துப் பதினைந்து வாட் இருக்கும். அதுவே தாராளம். சாதாரண பாக்ஸுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபலுக்குக் குறையாமல் வரும். மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபலில்தான், நம் வீடுகளைத் தவிர.

ஸ்டீரியோ பாட்டுக்குத்தானே, படத்துக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆலன் ப்ளம்லைனைத் தெரியாது. இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆங்கிலேயப் பொறியாளர் அவர். 1931-இல் மனைவியோடு சினிமாவுக்குப் போயிருந்தபோது, நடிகர் திரையின் ஒரு கோடியில் நின்றாலும் குரல் ஒரே இடத்திலிருந்து வருவது அவரை உறுத்தியதாகவும், இதற்கு ஒரு வழி என்னிடம் இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னதாகவும் கதை. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமைதான் ஸ்டீரியோவின் ஜாதகம். 1935-இல் ஆட்கள் நடந்துகொண்டே பேசுகிற சின்னச் சோதனைப் படங்களையும் எடுத்தார். ஆள் நகர நகரக் குரலும் கூடவே நகர்ந்தது. ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் 1942-இல் விழுந்து நொறுங்க, 38 வயதில் போய்ச் சேர்ந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாகக் கடைக்கு வந்ததோ 1958 வாக்கில். ஆக, சினிமா வயிற்றில் பிறந்த குழந்தையை இசைத்தட்டுக்காரர்கள் தத்தெடுத்து வளர்த்தார்கள். தமிழில் 1978-இல் ‘ப்ரியா’ பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகி வந்தபோது அதைப் பாட்டின் சொத்தாகவே நாமும் எண்ணிக்கொண்டோம். டி.வி.யின் ஒலியை அந்த இரண்டு பாக்ஸுக்குத் தருவது புதுமை இல்லை. பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவருவதுதான்.

சீரியலுக்கும் செய்திக்கும் இத்தனை ஆடம்பரமா என்பது அடுத்த ஆட்சேபம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மாமியார் திரும்பிப் பார்க்கிறார். அதிர்ச்சி அடைகிறார். அதே அதிர்ச்சி மூன்று கோணங்களில் மூன்று முறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடி. சுவரோடு பேசும் டி.வி.யில் அது டப்பா தட்டுவதுபோல் முடிந்துவிடும். ஆறு அங்குல ஊஃபரிலோ அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் நகர்ந்து பார்க்கும். இதற்காகத்தான் பேஸ் குமிழ் என்று ஒன்றைப் படைத்திருக்கிறார்கள். இரவு ஏழிலிருந்து பத்து வரை அதை இடதுபக்கம் திருப்பி வைத்தால் குடும்பமும் டம்ளர்களும் நலம். செய்தி விவாதங்களைப் பொறுத்தவரை ஸ்டீரியோ கைவிரித்துவிடுகிறது. குரல்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்தால் காது அவற்றைப் பிரித்துக் கேட்டுக்கொள்ளும். கல்யாண வீட்டு இரைச்சலில் நம்மைப் பற்றிப் பேசுகிற அத்தையின் குரல் மட்டும் தனியாகக் கேட்பது அந்தத் திறமையால்தான். ஆனால் ஆறு பேரையும் ஆறு சதுரத்தில் பிரித்துக் காட்டுகிற சேனல்கள், குரலை மட்டும் ஒரே இடத்தில் கொட்டிக் கிளறித் தருகின்றன. அதைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை. வந்தாலும், பிரித்த பிறகு உள்ளே என்ன இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

“சவுண்ட்பார் வாங்கினால் தீர்ந்தது” என்பார்கள். வீட்டில் பழைய செட் இல்லாதவர்கள் வாங்கலாம், டி.வி.யின் சொந்தக் குரலைவிட நிச்சயம் மேல். ஆனால் ஒரு முழக்கோலின் இரண்டு முனைகளிலும் ஸ்பீக்கரை வைத்துவிட்டு அதை ஸ்டீரியோ என்பது கொஞ்சம் தைரியம்தான். நீங்களும் இரண்டு பாக்ஸுமாகச் சமபக்க முக்கோணம் அமைந்தால்தான் இடமும் வலமும் விரியும். பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தவருக்கு மூன்றடிக் கோலின் இரு முனைகளும் ஒன்றுதான். போதாததற்கு, மெலிந்ததால் வந்த நோய்க்கு இன்னொரு மெலிந்த வஸ்துவையே மருந்தாக விற்கிறார்கள். பழைய நாளில் பாக்ஸை டி.வி.க்குப் பக்கத்தில் வைக்கவும் முடியாது. ஸ்பீக்கரின் காந்தம் பட்டுக் கண்ணாடிக் குழாயின் நிறம் பச்சையும் ஊதாவுமாகத் திரிந்துவிடும். இன்றைய திரைக்கு அந்தப் பயமே இல்லை. டி.வி. நன்றாகப் பேசிய காலத்தில் பாக்ஸ் பக்கத்தில் வர முடியவில்லை. வரலாம் என்று ஆனபோது பாக்ஸைப் பரணில் போட்டுவிட்டோம்.

வயர் மாட்டுகிற விஷயத்தில்தான் பல நல்ல எண்ணங்கள் செத்துப்போகின்றன. டி.வி.யின் பின்னால் செல்போன் டார்ச்சோடு தலையை நுழைத்தால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டை தெரியும். ஆவலோடு மாட்டினால் சத்தமே வராது. அவை பெரும்பாலும் ‘இன்’, உள்ளே வாங்குகிற வாய். புதிய டி.வி.களில் வெளியே தர இருப்பது ஹெட்போன் ஓட்டை, எச்.டி.எம்.ஐ., அல்லது சின்னக் கதவு போட்ட சதுர ஓட்டை. அந்தச் சதுரம் ஆப்டிகல். தொஷிபா 1983-இல் கொண்டுவந்தது. அதில் ஒலி சிவப்பு வெளிச்சமாக வரும். கேபிளின் முனையில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் அழுத்திவிட்டு டி.வி.யைத் திட்டுவது மரபு. பழைய செட்டுக்கு வெளிச்சம் புரியாது என்பதால் நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மாற்றி வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். செட்டிங்ஸில் ஒலியை ‘பி.சி.எம்.’ என்று மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மௌனமோ கரகரப்போதான் கிடைக்கும். செம்புக் கம்பியில் இணைத்து, கேபிள் டி.வி. எர்த்தும் ஆம்ப்ளிஃபயர் எர்த்தும் சண்டை போட்டு, தம்பூரா போல 50 ஹெர்ட்ஸில் ஓர் உறுமல் விடாமல் வந்தாலும் இதே ஆப்டிகல்தான் வைத்தியம். பிளாஸ்டிக் இழையில் மின்சாரம் ஓடாது.

இத்தனை வயர் வேண்டாம், ப்ளூடூத் போதும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி சுமார் 200 மில்லிவினாடி பிந்தி வருவது சகஜம். ஒலி 125 மில்லிவினாடிக்கு மேல் பின்தங்கினால் மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முந்திவந்தாலோ 45-லேயே உறுத்தும். இடி எப்போதும் மின்னலுக்குப் பிறகே வருவதால், தாமதத்தை மட்டும் காது மன்னித்துப் பழகியிருக்கிறது. 200 என்பது அந்த மன்னிப்புக்கும் மேலே. நல்ல நடிகரைக்கூட டப்பிங் படத்துக்கு அனுப்பிவிடும்.

சோபாவின் ஓரத்தில் உட்காருகிறவருக்குக் குரல் நடுவிலிருந்து வராமல் பக்கத்துப் பாக்ஸிலிருந்து வருமே என்பது நுட்பமான கேள்வி. பாட்டு மட்டும் கேட்கும்போது அது நிஜமும்கூட. படம் பார்க்கையில் கண் உதவிக்கு வந்துவிடுகிறது. உதடு அசைகிற இடத்திலிருந்துதான் குரல் வருகிறது என்று கண் சொல்ல, காது தலையாட்டிவிடும்; பேசும் பொம்மை வித்தைக்காரர்கள் பிழைப்பு நடத்துவது இதை நம்பித்தான்.

மிச்சமிருப்பது ரிமோட். ஹெட்போன் ஓட்டையில் மாட்டினால் பல டி.வி.களில் அதே ரிமோட் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும். ஆம்ப்ளிஃபயர் குமிழை ஒரு தடவை நடுவில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஆப்டிகலில் பெரும்பாலும் அது நடக்காது. பழைய செட்டின் ரிமோட்டோ, பேட்டரி கசிந்து பச்சை பூத்து, எந்த டிராயரில் கிடக்கிறதோ. நகைக்கடை விளம்பரம் இரண்டு மடங்கு முழக்கத்தோடு பாய்ந்துவரும்போதெல்லாம் யாராவது எழுந்து போய்க் குமிழைத் திருப்பத்தான் வேண்டும். சாலிடேர் காலத்தில் அந்த உத்தியோகம் வீட்டின் கடைக்குட்டிக்கு உரியது. சேனல் மாற்றுவதும் ஆன்டெனாவைத் திருப்புவதும் அதே சம்பளத்தில் சேர்த்தி. இப்போதைய கடைக்குட்டி இயர்போன் மாட்டிக்கொண்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டால் கேட்காது.