ஜமக்காளத்து நீதிபதி

வரவேற்பு முடிந்து, சமையல்காரர்கள் மறுநாளைக்குக் காய் நறுக்க உட்காரும் நேரத்தில் மண்டபத்து மாடி அறையில் ஜமக்காளம் விரிந்துவிடும். இரண்டு கட்டுச் சீட்டு, ஆளுக்கு 13, புள்ளி எழுத மொய் நோட்டின் கடைசித் தாள். எல்லாம் இருந்தும் ரம்மி தொடங்காது. ரூல்ஸ் சித்தப்பா வரவேண்டும்.

எல்லாச் சொந்தத்திலும் இப்படி ஒருவர் உண்டு. வேலையில் இருந்தவரை ஒரு கோப்பையும் முடித்து அனுப்பாதவர், இங்கே கண் இமைப்பதற்குள் தீர்ப்புச் சொல்வார்.

"ஆடாம விலகினா முதல் ஸ்கூட் 20, நடுவுல விலகினா மிடில் ஸ்கூட் 40, ஃபுல் 80. சந்தேகம் இருக்கிறவன் இப்பவே எழுந்து போகலாம்."

யாருக்கும் இருக்காது. அதெல்லாம் மூன்றாவது ஆட்டத்தில்தான் வரும்.

மாப்பிள்ளை வீட்டுப் பையன் டிக் அடித்து, ஆட்டத்தை முடித்ததாகக் கையை விரித்தான். ராஜா, ஆஸ், இரண்டு என்று ஒரு வரிசை. "ஆஸ் ராஜா ராணியோடயும் போகும், ரெண்டு மூணோடயும் போகும். நடுவுல உட்கார்ந்து ரெண்டு பக்கமும் கை கோக்காது தம்பி" என்று சித்தப்பா ஃபுல் போட்டார். நியாயமான தீர்ப்பு.

அடுத்த ஆட்டத்தில் சித்தப்பாவே டிக் அடித்தார். இஸ்பேட் வரிசை என்று அவர் விரித்ததில் நடுச்சீட்டு கிளாவர்.

"கண்ணாடி கீழே இருக்கு. கண்ணு தெரியாம அடிச்சா அது டிக்கே இல்லை. சீட்டை எடுத்துக்கறேன், நீங்க ஆடுங்க."

கும்பகோணத்தில் ஒரு வளைகாப்பில் இப்படித்தான் முடிவானதாம். சாட்சிகள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. எதிர்த்துப் பேசினால் உச்ச நீதிமன்றம்வரை போய்விடுவார். செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967இல் தீர்ப்பு வந்தது உண்மைதான். விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. கண்ணாடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

காபித் தட்டோடு வந்த அத்தை, சித்தப்பாவின் அக்கா, சீட்டைத் தொடாதவர். இரண்டு தரப்பையும் நின்றுகொண்டே கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு 80ன்னா உனக்கும் 80டா. கண்ணாடிச் சட்டம் வேணும்னா அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போடறதுக்கு முன்னாடி எழுதி வை. எல்லாரும் ஒத்துக்கிட்டா சரி."

சித்தப்பா பேசவில்லை. ஆள் அனுப்பிக் கண்ணாடியை வரவழைத்து மாட்டிக்கொண்டார். கையில் வந்த சீட்டைப் பிரிக்காமலே புள்ளித்தாளை இழுத்தார்.

"இது ஏழா, ஒண்ணா? யாருடா எழுதினது?"