துண்டிக்கப்பட்ட உறுப்பினரின் விண்ணப்பம்

அனுப்புநர்: ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர், திரையில் மூன்றாம் வரிசை, இரண்டாம் சதுரம்.

பெறுநர்: மாண்பமை பதிவாளர் அவர்கள், எங்கள் பல்கலைக்கழகம்.

பொருள்: இணையவழி ஆட்சிக்குழுக் கூட்டங்களுக்கான நெறிமுறைகள் – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை (நாளிடப்படவில்லை).

ஐயா,

பார்வையில் கண்ட சுற்றறிக்கை கிடைக்கப் பெற்றேன். இவ்வளவு விரிவாக ஒரு சுற்றறிக்கை நம் அலுவலகத்திலிருந்து வந்து நெடுநாளாயிற்று. கௌரவ விரிவுரையாளர்களின் நிலுவைச் சம்பளம் பற்றிக் கேட்டால் இரண்டு வரியில் பதில் எழுதும் அதே கை, உறுப்பினரின் சட்டைக் காலரைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறது.

கேமரா கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 3ஐ மனமார வரவேற்கிறேன். சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கைப்பேசியை மேசைமேல் மல்லாக்கப் போட்டுவிட்டுப் போய்விட்டதால், தொடக்கம் முதல் முடிவு வரை எங்களோடு இருந்தது அவர் வீட்டு மின்விசிறிதான். மூன்று இறக்கை, ஒன்றில் ஒட்டடை. வருகைப் பதிவில் அவர் பெயர் இருக்கிறது, அமர்வுப்படியும் போய்ச் சேர்ந்திருக்கும். எந்தப் பொருளுக்கும் அந்த மின்விசிறி மறுப்புச் சொல்லவில்லை. நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்த உறுப்பினர் அதுவாகத்தான் இருக்க முடியும். பதவிவழி உறுப்பினர்களான அரசுச் செயலாளர்கள் மட்டும் கேமராவை அணைத்துக்கொள்ளலாம் என்று அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறீர்கள். சரிதான். பெயர் எழுதிய கறுப்புச் சதுரத்துக்கு உள்ள கம்பீரம் முகத்துக்கு வராது.

சுற்றறிக்கையின் மகுடம் விதி 9. 'இணைப்பு துண்டிக்கப்படும் உறுப்பினர், அதன்பின் முடிவுசெய்யப்படும் பொருள்கள் அனைத்துக்கும் ஒப்புதல் அளித்தவராகக் கருதப்படுவார்.' 1923ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் செனட், ஆட்சிக்குழுவான சிண்டிகேட், கல்விப் பேரவை என்று வகுத்துக்கொடுத்தது. அதை எழுதியவர்கள் எவ்வளவோ யோசித்திருப்பார்கள். ஆனால் கூட்டத்தில் இல்லாதவரும் கையைத் தூக்கினார் என்று எழுதலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. அதற்கு நம் அலுவலகம் வேண்டியிருந்தது.

நேரில் கூடியபோது வெளிநடப்புக்கு ஒரு மரபு உண்டு. நாற்காலியைச் சத்தம் வரப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கோப்பை மூடிக் கக்கத்தில் இடுக்க வேண்டும். கதவருகே நின்று ஒரு வரி சொல்ல வேண்டும். வெளியே செய்தியாளர்கள் இருந்தால் இன்னும் நாலு வரி. சட்டமன்றத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இணையத்தில் இருப்பதோ ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் சதுரம் மறையும், அவ்வளவுதான். "சாருக்கு நெட் போயிடுச்சு போல" என்று யாராவது பரிதாபப்படுவார்கள். பிறகு விதி 9 வேலையைத் தொடங்கும்: எதை எதிர்த்து எழுந்து போனேனோ, அதற்கே நான் சம்மதித்தவன் ஆகிறேன். எவ்வளவு கோபமாக வெளியேறுகிறேனோ, அவ்வளவு பொருள்களுக்கு ஒப்புதல்.

உள்ளேயே இருப்பவர்களைக் கவனிக்க விதி 6 இருக்கிறது. ஒலிவாங்கிகள் அனைத்தும் கூட்ட அமைப்பாளரின் கட்டுப்பாட்டில். இதன் அருமையைத் தேர்வுக் கட்டண உயர்வு வந்தபோது கண்ணால் கண்டோம். கல்லூரி முதல்வர் ஒருவர், எங்களில் கோப்புகளைப் படித்துவிட்டு வரும் ஒரே ஆள் என்றே சொல்லலாம், கை அடையாளத்தை உயர்த்தினார். மஞ்சள் கை திரையில் அப்படியே நின்றது. பொறுத்துப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார். உதடு அசைந்தது. விரல்விட்டு எதையோ எண்ணிக் காட்டினார். அஜெண்டா தாளைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "மேடம், நீங்க மியூட்ல இருக்கீங்க" என்றது தலைமை. இருந்தார்தான். அதை எடுக்கும் பொத்தான் கணினிப் பிரிவு உதவியாளரிடம் இருந்தது. அவர் டீ சொல்லப் போயிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. "சரி, யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அடுத்த பொருள்." நடவடிக்கைக் குறிப்பில் இருப்பது: 'விரிவான விவாதத்துக்குப் பின் ஒருமனதாக ஏற்கப்பட்டது.'

டேபிள் அஜெண்டாவைப் பற்றிச் சுற்றறிக்கை மௌனம் சாதிக்கிறது. முன்பெல்லாம் வில்லங்கமான பொருள் எதுவானாலும் கடைசி நேரத்தில் முந்திரித் தட்டோடு சேர்ந்துதான் மேசைக்கு வரும். இப்போது மேசையும் இல்லை, முந்திரியும் இல்லை, டேபிள் அஜெண்டா மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. கூட்டம் நடக்கும்போதே வாட்ஸ்அப் குழுவில், கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக வந்து விழுகிறது. பலருக்கும் கூட்டமே கைப்பேசியில்தான். பிடிஎஃப்பைத் திறந்தால் கூட்டம் மறையும். கூட்டத்துக்குத் திரும்பினால் பிடிஎஃப் மறையும். கட்டட ஒப்பந்தம் ஒன்றின் மதிப்பீட்டை விரலால் பெரிதாக்கி எத்தனை சுழி என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே அது நிறைவேறிவிட்டது.

வேறு வழியே இல்லையோ என்று கம்பெனிச் சட்டத்தைப் புரட்டினேன். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, இயக்குநர்கள் காணொளி வழியே கலந்துகொள்ளலாம் என்கிறது. அதற்கான விதிகள் 2014இல் வந்தன. அவற்றில் 3ஆம் விதியைத் தாங்கள் படிக்க வேண்டாம், இரத்த அழுத்தத்துக்கு நல்லதல்ல. இயக்குநர் ஒருவர் பேசுவது தடைபட்டாலோ தெளிவாகக் கேட்காவிட்டாலோ, திரும்பச் சொல்லும்படி தலைவர் கேட்க வேண்டுமாம். ஆட்சேபணை வந்து வாக்கெடுப்பு தேவைப்பட்டால், ஒவ்வொருவர் பெயரையும் அழைத்து வாக்கைக் குறித்துக்கொள்ள வேண்டுமாம். ஒவ்வொரு பொருளின் முடிவிலும் தீர்மானத்தைச் சுருக்கிச் சொல்லி, மறுத்தவர்களின் பெயரையும் தலைவரே அறிவிக்க வேண்டுமாம். வரைவுக் குறிப்பு 15 நாளுக்குள் எல்லோருக்கும் போக வேண்டும். ஒளிப்பதிவை அந்த ஆண்டின் தணிக்கை முடியும்வரையாவது வைத்திருக்க வேண்டும். ஆண்டுக் கணக்குக்கு ஒப்புதல் தருவது போன்ற பெரிய காரியங்களைக் காணொளியில் செய்யவே கூடாது என்ற தடையும் கூட இருந்தது. 2021 ஜூனில்தான் அதை எடுத்தார்கள். இத்தனையும் சோப்பு விற்கிற கம்பெனிக்கு. பட்டமளிப்பு விழாவில் அறம் பேசுகிற நமக்கு எதற்கு?

பதிவு என்றதும் விதி 12 நினைவுக்கு வருகிறது. உறுப்பினர் பதிவுசெய்தால் ஒழுங்கு நடவடிக்கை; அலுவலகம் பதிவுசெய்தால் 'சேமிப்பிடப் பற்றாக்குறை காரணமாக' அழிப்பு. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை ஊரறிய நேரலையில் காட்டுகிறது. அவர்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது, பாவம்.

நேர்க்கூட்டம்தான் பொற்காலம் என்று வாதாட வரவில்லை. அங்கேயும் பாதிப் பேர் பயணப்படிப் படிவம் நிரப்புவதிலேயே குறியாக இருந்தார்கள். மலைப்பகுதிக் கல்லூரியிலிருந்து இரவு முழுக்கப் பேருந்தில் குலுங்கி வந்து, காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காரும் உறுப்பினருக்கு இணையவழி பெரிய வரம். கொரோனாவின்போது இது இல்லாவிட்டால் தேர்வு முடிவுகளே வந்திருக்காது. குறை கருவியில் இல்லை. பொத்தான் யார் கையில் என்பதில்தான்.

இங்கிலாந்தில் ஹேண்ட்ஃபோர்த் என்ற சிற்றூரின் உள்ளாட்சிக் குழு 2020 டிசம்பரில் ஜூமில் கூடியது. கூட்டத்தை நடத்திக்கொடுக்க வந்த ஜாக்கி வீவர் என்ற அலுவலர், தன் அதிகாரத்தைக் கேள்வி கேட்ட தலைவரையே திரையிலிருந்து வெளியேற்றினார். 2021 பிப்ரவரியில் அந்தக் காணொளி உலகம் சுற்றியது. பொத்தான் கைமாறினால் தலைமையும் சதுரம்தான் என்பதைத் துணைவேந்தரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். விதி 6ஐ மாற்ற அவரே முன்வரக்கூடும்.

ஆகவே விதி 9ஐ நீக்கி, துண்டிக்கப்பட்டவரைக் கூட்டத்தில் இல்லாதவராகவே எழுதும்படியும், அவரவர் ஒலிவாங்கியை அவரவரிடமே விடும்படியும், மறுத்தவர் பெயரைக் கூட்டத்திலேயே படித்துக்காட்டும்படியும் கேட்டுக்கொள்கிறேன். சட்டைக் காலர் விதி அப்படியே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தக் கடிதத்தை அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் முன்கூட்டியே சேர்த்து அனுப்புங்கள். அதற்கும் முன்பாக ஒன்று. புதிய தேர்வுக் கட்டணத்தை மாணவர்கள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்த முதல்வர் என்ன சொல்ல வந்தார் என்பதை அவரிடமே எழுத்தில் கேட்டு வாங்கி, 'ஒருமனதாக' என்ற சொல்லை அடித்துவிட்டு, அவருடைய மறுப்பைக் குறிப்பில் சேருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஆட்சிக்குழு உறுப்பினர்