முடக்குக் கணக்கியல்: முதல் சுற்றுப்பயணத் திட்டமிடல் குறித்து ஓர் ஆய்வு

டப்ளினில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் சென்ற மாதம் ஒரு திட்டம் அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தான். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படித்துக் கிளம்பியவன். முதல் தடவையாகக் காரில் அயர்லாந்தைச் சுற்றப் போகிறானாம், எட்டு நாளில். நாளுக்கு இத்தனை கிலோமீற்றர் என்று கட்டம் போட்டிருந்தான். மேற்குக் கரையோரமாக 2,500 கிலோமீற்றர் ஓடும் பாதையில் பாதி, அதில் கெரி வட்டப்பாதையின் 179 கிலோமீற்றர் ஒரே நாளில். அயர்லாந்துத் தீவு 84,000 சதுர கிலோமீற்றர் சொச்சம், நம் தீவு 65,610. "நம்ம ஊரவிடக் கொஞ்சந்தான் மாமா பெருசு" என்று கீழே சமாதானம் வேறு.

இத்திட்டத்தின் அடிப்படைப் பிழையை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அயர்லாந்தைப் பற்றி இந்த மாமனுக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். பெல்பாஸ்டை ஒட்டி ஒரு காசல்ரீ இருக்கிறது. அதே பெயர் கொண்ட நம் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நாற்பது வருடமாக பஸ் ஜன்னல் வழியே பார்த்து வருகிறேன். ஆய்வாளனுக்கு இந்தத் தகுதி போதும்.

முதலில் வரைவிலக்கணம். 'முடக்கு' எனப்படுவது யாதெனின், பக்கத்து ஆள்மேல் நாம் சாய்ந்து, மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் நம்மேல் சாய்ந்துவிடும் இடம். படித்தவர்கள் வளைவு என்பார்கள். வளைவு பாதையின் குணம், முடக்கு வயிற்றின் அனுபவம். மலைநாட்டில் தூரத்தின் அலகு இதுவே. அட்டனிலிருந்து நுவரெலியா எவ்வளவு தூரம் என்று தோட்டத்தில் கேட்டால் எவரும் கிலோமீற்றரில் சொல்லமாட்டார். "தலவாக்கலை தாண்டுனா பாதி, ரதல்ல குறுக்குல ஏத்துனா சீக்கிரம், ஆனா வேணாம்" என்பார்கள். அந்த "வேணாம்" என்ற சொல்லை எந்த வரைபடமும் அச்சிடுவதில்லை.

கிலோமீற்றர்வாதிகள் இதை மறுப்பர். அரசாங்கம் முடக்குகளை எண்ணுவதில்லையே என்பது அவர்கள் வாதம். கண்டியிலிருந்து மகியங்கனை இறங்கும் பாதைக்கு எப்படிப் பெயர் வந்தது? 'தஹஅட்ட வங்குவ', பதினெட்டு வளைவு. அந்தப் பாதையின் நீளம் எவருக்கும் நினைவில்லை, எண்ணிக்கை எல்லாருக்கும் தெரியும். இத்துடன் அவர்கள் வாதம் முடிந்தது.

இனிக் களத்தரவு. 2012இல் எங்கள் லயத்து ஆட்கள் முதன்முதலாக வேன் பிடித்து யாழ்ப்பாணம் போய், திருகோணமலை வழியாகத் திரும்பினோம். திட்டம் வகுத்தவன் அடியேன். புறப்பட வேண்டிய நாளைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கும் என்று நினைத்திருந்தேன். சம்பள நாளான பத்தாம் திகதிதான் தீர்மானித்தது. பத்துக்கு முன் காசில்லை, பதினைந்துக்குப் பின்னும் இல்லை. இடையில் வரும் சனி ஞாயிறே நல்ல நேரம். வேன் ஹயரைத் தலைக்குப் பிரித்தபோது ரூபாயில் சொன்னால் யாருக்கும் பிடிபடவில்லை. "ஆளுக்கு எத்தன பேரு?" என்றார் ஒரு சித்தப்பா. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பது தோட்டத்துக் கணக்கு. ஆறு பேர் என்றேன். "அரப்பேர் கொறைக்க முடியாதா?" என்றார். பதினான்கு இருக்கை கொண்ட டொல்பின் வேனில் மடியில் இருப்பவர்களை ஆளாக எண்ணுவதில்லை. பதினோரு வயதுப் பையன் ஒருவனும் அன்று மடியில்தான் இருந்தான்.

தேசிக்காய் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். இட நெருக்கடியால் சுருக்குகிறேன். புறப்படும்போது சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு. இவை பாதைக்கானவை. மூக்கில் வைத்து முகர ஆளுக்கு ஒன்று. இவை வயிற்றுக்கானவை. நாங்கள் கொண்டுபோன இருபதில் சக்கரத்தில் நசுங்கிய நான்கும் தம் கடமையைச் சரிவரச் செய்தன. மற்றவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. சிலிசிலி பேக் அன்று தாராளமாகப் புழங்கியது. 20 மைக்ரோனுக்கு மேற்படாத மெல்லிய பொலித்தீன் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டபோது சுற்றாடல் ஆர்வலர்கள் மகிழ்ந்தார்கள். வேனின் கடைசி சீட்டில் உட்காருபவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

அதிகாலை மூன்று மணிக்குக் கம்பளிக் குல்லாவோடு ஏறியவர்கள் கினிகத்தேனை இறக்கத்தில் அதைக் கழற்றி மடியில் வைத்தார்கள். நாவலப்பிட்டியில் ஸ்வெட்டர் போனது. கம்பளை வரும்போது ஜன்னல்கள் எல்லாம் திறந்துவிட்டன. கண்டிக்கு அப்பால் எல்லாரும் ஒரே வேர்வை. மாத்தளை முத்துமாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டியது வரை திட்டம் அரை மணி நேரம்தான் பிந்தியிருந்தது. அதற்குள் மூன்று பேர் வாந்தியெடுத்திருந்தார்கள். மலைநாட்டுக் கணக்கில் இது சிறப்பான தேர்ச்சி.

ஆய்வின் திருப்புமுனை தம்புள்ளைக்கு வடக்கே நிகழ்ந்தது. ஏ-9 பாதை நீட்டிப் படுத்துக்கிடந்தது. இரண்டு பக்கமும் காடு, நடுவில் தார், தூரத்தில் கானல். வேனுக்குள் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. வாந்தி நின்றது, பாட்டு நின்றது. பிறந்ததிலிருந்து மலையிலேயே இருந்த எங்கள் அப்பாயி மட்டும் முன்சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். முடக்கில் ஒருநாளும் கம்பியைத் தொடாதவர்.

"என்னா அப்பாயி?"

"முடக்கே இல்லையேப்பா. இது எங்கதான் போயி நிக்கும்?"

பதில் சொல்ல என்னிடம் கட்டம் போட்ட தாள் இருந்தது, பதில் இல்லை. சாரதி அண்ணனுக்கும் அதே கோளாறு. இருபது வருடம் மஸ்கெலியா, பொகவந்தலாவை முடக்குகளில் ஓட்டிய கை, திருப்ப எதுவும் கிடைக்காமல் தூங்கப் பார்த்தது. வவுனியாவில் இரண்டு பிளேன்டி வாங்கிக் கொடுத்தோம். ஹோன் அடிக்கவும் காரணமில்லாமல், எதிரே யாரும் வராத பாதையில் சும்மா ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொண்டார்.

முறிகண்டிப் பிள்ளையாரிடம் எந்த வண்டியும் நிற்காமல் போவதில்லை. கிலோமீற்றர்வாதிகளும் முடக்குவாதிகளும் உடன்படும் ஒரே நிறுத்தம் அதுதான். தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக் கொறித்தபடி நின்றபோது அப்பாயி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். கோப்பிக் காலத்தில் அவருடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளாக மாத்தளைக்கு நடந்தே போனவர்கள். அவர்கள் தெற்கே போனார்கள், நாங்கள் வேனில் வடக்கே வந்திருந்தோம். (2023இல் மலையகத்தாரின் இருநூறு வருடத்தை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமும் போனார்கள்.) அந்த முதல் பயணத்துக்குத் திட்டம் போட்டவர்கள் பயணம் போகவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்கிறேன். அப்பாயி கடலைத் தோலை ஊதிவிட்டு, "ராவுல யான வருமாடா?" என்று கேட்டார்.

நல்லூர், நயினாதீவுப் படகு, கோணேஸ்வரம் எல்லாம் நன்றாகவே நடந்தன. ஆகவே ஆய்வுக்குப் பயன்படா.

மருமகனுக்கு எழுதிய மதிப்பீடு வருமாறு: கெரி வட்டத்தில் சுற்றுலா பஸ்கள் இடஞ்சுழியாகப் போவது வழக்கமாம். நீ எதிர்த்துப் போனால் ஒவ்வொரு ஒடுங்கிய முடக்கிலும் ஒரு பஸ்ஸின் மூக்கைச் சந்திப்பாய். பின்தொடர்ந்தால் நாள் முழுக்க அதன் முதுகைத்தான் பார்ப்பாய். இரண்டில் மூக்கே மேல், ஏனெனில் அது கடந்து போய்விடும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிடுவது நம் ஊர் மரியாதை. அங்கே எப்படி என்று விசாரித்துக்கொள். முடக்குகளை எண்ணித் திட்டத்தைத் திருத்தி அனுப்பு.

எங்கள் வேன் திரும்பி வந்தபோது இரவு பதினொரு மணி. கண்டியில் யாரும் கண் விழிக்கவில்லை. கம்பளையிலும் இல்லை. நாவலப்பிட்டி தாண்டி ஏற்றம் தொடங்க, முதல் பெரிய முடக்கில் எல்லாரும் இடப்பக்கம் சாய்ந்தோம், அடுத்ததில் வலப்பக்கம். யாரோ இருட்டில் குல்லாவைத் தேடினார்கள். மூன்றாவது முடக்கில் மடியிலிருந்த பதினோரு வயதுக்காரன் எழுந்து ஜன்னல் பக்கம் பாய்ந்தான்.

அப்பாயி கம்பியை விட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஊரு வந்துருச்சு," என்றார்.