மூன்று பாய்களும் ஒரு கந்தல் போர்வையும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் நின்று “பாய் எங்கே?” என்று கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரும். படுக்கிற பாய் திண்ணையில் சுருட்டிக் கிடக்கும். படகுப் பாய் மணலில் காய்ந்துகொண்டிருக்கும். கைலி விற்கிற பாய், தவணைப் பணத்துக்கு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவார். நம்மவருடைய ஆயா வீட்டில் மூன்று பாயும் ஒரே பொருளில் சேர்ந்திருந்தன. அதுதான் அந்தக் கந்தல் போர்வை.

மேலே முழுக்கக் கட்டம் போட்ட கைலித் துண்டுகள், பாயிடம் வாங்கியவை. உள்ளே மெத்தென்று இருக்க, தாத்தா படகின் கிழிந்த பாயை மடித்து வைத்துத் தைத்திருந்தார் ஆயா. விரிப்பது கோரைப்பாய் மேல். நாலடி அகலம், ஆறடி நீளம். நனைந்தால் பிழிய இரண்டு பேர் வேண்டும். தையலுக்கு வலை தைக்கிற நைலான் நூல். அந்த நூலுக்குச் சாவு கிடையாது என்பதால், துணி நைந்து காணாமல் போன இடங்களிலும் தையல் மட்டும் கடமை தவறாமல் நின்றுகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, சாயம் போகவே போகாது என்று பாய் அடித்துச் சொல்லி விற்ற ஒரு சிவப்புக் கைலி, முதல் சலவையிலேயே பக்கத்துக் கட்டங்கள் மூன்றையும் ரோஜா நிறமாக்கியிருந்தது.

கைலி எங்கே முதலில் தேயும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். படகுப் பலகையில் உட்கார்ந்து உட்கார்ந்து சல்லடையான பகுதியை ஆயா முதலில் வெட்டிக் கரித்துணிக்கு ஒதுக்கிவிடுவார். இரண்டு ஓரத்திலும் தேறுகிற முழத்துணிதான் போர்வைக்கு. ஆக, தாத்தாவின் முப்பது வருட உழைப்பில் அவர் உட்கார்ந்த பகுதி மட்டும் சரித்திரத்தில் இடம்பெறவில்லை.

ஏரியில் மீன்பிடிக்கக் குப்பத்தார் குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். ஆராய்ச்சியாளர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து வியந்து எழுதிய ஏற்பாடு அது. மார்கழி வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் ஆயா வீட்டிலும் பாடு நடக்கும். பேரன் பேத்திகள் ஏழு பேர், போர்வை ஒன்று. தன் பாடு வந்த இரவில் நம்மவர் ராஜா. மற்ற ஆறு இரவும் பழைய வேட்டிக்குள் பூரான் மாதிரி சுருண்டு கிடப்பார்.

இந்தப் போர்வைக்குத்தான் சென்ற வருடம் யோகம் அடித்தது. பூநாரை பார்க்க நம்மவரோடு வந்த சென்னைப் பெண்மணி ஒருவர், வீட்டு அலங்காரக் கடை வைத்திருப்பவர், இறால் தொக்கும் சோறும் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர், கொடியில் தொங்கியதைப் பார்த்துவிட்டார்.

“பாட்டி, இது விண்டேஜ்!”

“இல்லம்மா, கைலி” என்றார் ஆயா.

எட்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார் அந்தப் பெண்மணி. புதுசே முந்நூறுக்குக் கிடைக்கிறதே என்று ஆயா பரிதாபப்பட்டார். பாவம், படித்த பெண் ஏமாறக் கூடாது என்று, நம்மவர் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அந்தப் போர்வைக்குச் செய்த பங்களிப்பையும் விவரிக்கத் தொடங்கினார். நம்மவர் இருமி இருமிப் பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று. “அப்போ இதே மாதிரி புதுத் துணியில ஒண்ணு தைச்சுத் தர்றீங்களா?” என்று பெண்மணி கேட்டதும்தான் ஆயாவுக்குக் கோபம் வந்தது.

“புதுத் துணிய எவளாச்சும் கிழிப்பாளா?”

நம்மவர் அன்றிரவே படிக்க உட்கார்ந்தார். சரித்திரம் தெரிந்தால் இன்னும் ஓர் ஆயிரம் கூட்டிக் கேட்கலாம் என்கிற அறிவுத் தாகம். மறு ஞாயிறு, ஆயா கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அரிவாள்மனையில் மடவை மீன் நறுக்கிக்கொண்டிருக்கையில், எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

டச்சுக்காரர்கள் 1610-இல் இங்கே கடை போட்டார்கள்; 1613-இல் கோட்டை எழுப்பி, தங்கள் ஊர்ப்பக்க மாகாணமான கெல்டர்லாந்து நினைவாகக் கெல்டிரியா என்று பெயர் வைத்தார்கள். மீனுக்காக வரவில்லை, துணிக்காக வந்தார்கள். இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கப் போனால், சோழமண்டலக் கரைத் துணி இல்லாமல் அங்கே வியாபாரம் நகரவில்லை. இந்தக் கரை மசாலாத் தீவுகளுக்கு இடது கை மாதிரி என்று ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற கம்பெனி அதிகாரி 1612-இலேயே சொல்லிவிட்டார். துணியோடு வெடிமருந்தும், விலைக்கு வாங்கிய மனிதர்களும் இதே கரையிலிருந்து கப்பலேறியதையும் நம்மவர் படித்திருந்தார். அதை ஆயாவிடம் சொல்லவில்லை. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் துணி அனுப்பிய இடத்தின் வாசலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் போர்த்திக்கொள்ள ஒரு முழத் துண்டில்லாமல் காவல் நிற்கின்றன.

“நம்ம ஊர் பேரு இங்கிலீஷ் அகராதியில இருக்கு ஆயா. புலிகாட்னா கட்டம் போட்ட கைக்குட்டைன்னு அர்த்தம். ஸ்காட்லாந்து நெசவாளிங்க அதே பேருல போலி சரக்கு நெய்தாங்க.”

“நம்ம பாய் விக்கிறது?”

“அது தெரியல.”

அடுத்து நைஜீரியா. அங்கே கலபாரி மக்கள் சென்னைப் பக்கத்துக் கட்டத் துணியை ‘இஞ்சிரி’ என்பார்கள். பிள்ளை பிறப்பிலிருந்து சாவு வரை அந்தத் துணி வேண்டும். பெண்கள் புதுத் துணியை மடியில் போட்டுக்கொண்டு, பிளேடால் நூல் நூலாக அறுத்து உருவி, பழைய கட்டத்துக்குள் புதுக் கோலம் எடுப்பார்கள். நம்மவர் இதைச் சொன்னதும் அரிவாள்மனை நின்றது.

“புதுசையா?”

“புதுசைத்தான்.”

இங்கிலாந்தில் கம்பிரியா பகுதியில் லெவன்ஸ் ஹால் என்று ஒரு மாளிகை. 1708 வாக்கில் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையும் கட்டில் திரைகளும் அங்கே உள்ளன. அந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒட்டுத்துணி வேலைகளில் மிகப் பழையது என்று பெயர். துணி, இந்தியச் சீட்டி. பிரான்ஸ் 1686-இலும் இங்கிலாந்து 1700-இலும் இந்திய அச்சுத் துணிக்குத் தடை போட்டிருந்தன. தடைச் சரக்கில் ஒரு சாண் மிஞ்சினாலும் யாருக்கு வீச மனம் வரும்? சீமாட்டிகளும் ஆயா மாதிரியே ஓரத்தைச் சேர்த்துத்தான் தைத்திருப்பார்கள் என்பது நம்மவர் துணிபு. வங்காளத்தில் இதே கந்தைக்கு ‘காந்தா’ என்று பெயர். அங்கே நக்‌ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் கந்தைக்குக் கிடைத்தது, கசக்கிக் கட்டச் சொல்லும் ஒரு பழமொழி.

கடைசியாக, கைவசம் வைத்திருந்த சீட்டை இறக்கினார் நம்மவர். 1958-இல் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத் துணி துவைத்ததும் சாயம் விட்டது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஏற்றுமதி செய்த கிருஷ்ணன் நாயர், பிற்பாடு லீலா ஹோட்டல்களை நிறுவியவர், பதில் சொல்ல வேண்டிய நிலை. ஆனால் விளம்பரம் எப்படி வந்தது தெரியுமா? சாயம் போவதற்கு உத்தரவாதம்! ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் என்று அமெரிக்கர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதே துணியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப்போட்ட கால்சட்டைகளும் பின்னாலேயே வந்தன.

ஆயா சிவப்புக் கைலியையும் அதன் ரோஜா நிற அண்டை வீட்டாரையும் ஒரு கணம் பார்த்தார்.

“பாய்க்கு மூணு தவணை தராம ஏமாத்திட்டேன் நைனா, சாயம் போச்சுன்னு. குடுத்துடணும்.”

பத்து நாள் கழித்துப் பெண்மணி போனில் பத்தாயிரத்துக்கு ஏறினார். நம்மவர் பொன்னேரியில் பேருந்து மாறி, நடத்துநரிடம் மீதிச் சில்லறைகூட வாங்காமல் குப்பத்துக்கு ஓடினார். கொடியில் போர்வை இல்லை. வீட்டுக்குப் பின்னால் மாமா நின்றிருந்தார். ராத்திரி பாட்டில் இறால் அள்ளிக் கொட்டியிருக்கிறது, வியாபாரியின் வண்டி இன்னும் வரவில்லை, வெயிலோ ஏறுகிறது. ஐஸ் பெட்டி மேல், நான்காக மடித்து, சொட்டச் சொட்ட நனைத்து, தாத்தாவின் முப்பது வருடம் படுத்திருந்தது.

“சாக்கு கெடைக்கல” என்றார் ஆயா. “இது இருந்தா ஐஸு சாயங்காலம் வரிக்கும் கரையாது.”

ஓரத்தைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, நம்மவருக்காக இரண்டு கிலோ இறாலை மஞ்சள்பையில் அள்ளிப் போட்டார். அப்போது போன் அடித்தது. எப்போது கொண்டு வருகிறீர்கள் என்று பெண்மணி கேட்டார். நம்மவர் போர்வையைப் பார்த்தார். நைலான் தையலில் ஓர் இறாலின் மீசை மாட்டிக்கொண்டு காற்றில் ஆடியது.

“மேடம், அன்னிக்கு அந்தத் தொக்கு உங்களுக்குப் பிடிச்சிருந்துதுல்ல?” என்றார்.